சாத்தையாவின் காது

ஒலிபுரம் என்றொரு நாடு. அங்கே சட்டசபைக்கு யாரும் நேரில் போவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் உறுப்பினர், அதிகாரி வீடுகளிலிருந்து அரண்மனை நிலவறைக்குப் பேச்சுக் குழாய் வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே நாட்டை ஆளலாம்.

எல்லோருக்கும் ஒரே மொழிதான். ஆனால் மலைநாட்டார் சொற்களைப் பாதி விழுங்குவார்கள், சமவெளியார் இழுத்து இழுத்துப் பேசுவார்கள். நிலவறையில் சாத்தையா என்ற ஒரே ஆள், விழுங்கியதை விரித்தும் இழுத்ததைச் சுருக்கியும் மறு குழாயில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே பிழைப்பு ஓடியது.

பிறகு மன்னருக்குச் சமத்துவம் ஞாபகம் வந்தது. எந்தப் பேச்சும் முதலில் அரசவை நடைக்கு மாறி, அப்புறமே கேட்பவரின் நடைக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டார். ஒரே தெருக்காரர்கள் பேசினாலும் விலக்கில்லை. அடுத்த ஆணை, மௌனமும் கருத்தே என்றது. யாராவது சும்மா இருந்தால் அதையும் மாற்றி எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும்.

சாத்தையாவுக்கு நாக்குத் தள்ளியது. அவர் சுமையை அளக்க ஓர் அதிகாரியை அமர்த்தினார்கள். "தங்கள் சுமை எவ்வளவில் உள்ளது?" என்று அந்த அதிகாரி ஓயாமல் கேட்டார். அந்தக் கேள்வியையும் இரண்டு முறை மாற்றித்தான் சாத்தையா பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாவம் அந்த மனிதர்.

ஐப்பசி மழையில் நெடுங்குளத்து ஏரி தளும்பியது. ஊர் உறுப்பினர் பொற்கொடி குழாயில் கத்தினாள்: "கரை விரிசல் விட்டிருச்சு. மதகத் தொறக்க உத்தரவு குடுங்க."

மதகு அதிகாரி அழகுமுத்து எதிர் வீட்டில்தான் குழாயோடு உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"அண்ணே, நேராவே சொல்றேன். தொறந்து விடுங்க."

"காதுல விழலம்மா," என்றார் அவர் வருத்தத்தோடு. "குழாய் வழியா வந்தாத்தான் விழும். இல்லன்னா என் வேலை போயிரும்."

நிலவறையில் அவள் பேச்சுக்கு முன்னால் பல ஊர்களின் மௌனங்கள் வரிசையில் நின்றன. அந்தக் களைப்பில்தான் சாத்தையா ஒன்றைக் கண்டுபிடித்தார். 'வாழ்க' என்ற சொல்லை விழுங்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்; எல்லா நடையிலும் அது அப்படியே செல்லும். எது வந்தாலும் 'வாழ்க' என்றே அனுப்பத் தொடங்கினார். சுமை மளமளவென்று இறங்கியது. அளந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அழகுமுத்து குழாயிலிருந்து காதை எடுத்தார். "உத்தரவு இல்லம்மா. வாழ்த்துதான் வந்திருக்கு."

கரை உடைந்தது. ஆடு மாடு, அடுத்த போகத்து விதைநெல் எல்லாம் தண்ணீரோடு போயின. பொற்கொடி கூரைமேல் ஏறி நின்று குழாயில் அழுதாள்: "எங்க பொழப்பே போச்சே, பாவிகளா. நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க."

அரண்மனையில் மன்னர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் கண் கலங்கியது.

"நெடுங்குளத்தாருக்கு நம்மேல் எவ்வளவு பாசம் பார்த்தீர்களா? அந்த ஊருக்கு இன்னொரு குழாய் போடுங்கள்."