முதல் கேள்விக்கு ஒரு வட்டம்

"அத்தான், கால அட்டவணை முடிஞ்சிடுச்சு!" என்று மச்சினன் சுவரைக் காட்டியபோது டிப்ஸ் சாருக்குத் தலை சுற்றியது.

அட்டவணை அழகாகத்தான் இருந்தது. ஐந்து வண்ணத்தில் கட்டங்கள், ஓரமெல்லாம் பூங்கொடி, நடுவில் ஒரு சூரியகாந்தி வேறு.

"இதைப் போட எத்தனை நாள் ஆச்சு மாப்ளே?"

"ஒரு வாரம்."

"புத்தகத்தைத் திறந்தியா?"

"அது அடுத்த வாரக் கட்டத்துல இருக்கு அத்தான்."

டிப்ஸ் சார் என்பது நூலகத்துக்கு வரும் மாணவர்கள் வைத்த பெயர். அவர் அங்கே உதவியாளர். எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்று ஓசியில் யோசனை சொல்லியே எத்தனையோ பேரைக் கரையேற்றியவர். அந்தப் புண்ணியவான் நூலகர் பதவிக்கான தேர்வில் மட்டும் இரண்டு தடவை குப்புற விழுந்திருந்தார். இரண்டு தடவையும் முதல் கேள்வியே முரண்டு பிடித்தது. இவரும் விடாமல் அதோடு மல்லுக்கட்டினார். மணி அடித்தபோது மீதித் தாளெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதோடு, இனிப் பரீட்சை எழுதுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டார்.

நூலகர் நாற்காலி இப்போது காலி. தினமும் காலையில் அதைத் துடைப்பாரே தவிர, உட்கார மாட்டார். இந்தத் தடவை உள்ளிருந்து யாரும் தேறாவிட்டால் வெளியாள் ஒருவரைப் போட்டுவிடுவார்கள். வருடா வருடம் "எழுதுங்களேன்" என்று உயிரை எடுக்கும் மனைவி, இந்த வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நம்மைக் கைகழுவிவிட்டாள் போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு வருத்தம்.

அவள் வாய் திறந்தது தம்பிக்காகத்தான். "இவனும் வேற ஊர் நூலகத்துல உங்கள மாதிரிதானே இருக்கான்? அதே பரீட்சையை இவனும் எழுதணுமாம். தேறலைன்னா வேலையே போயிடுமாம். நீங்கதாங்க எப்படியாவது காப்பாத்தணும்."

"என்கிட்ட விட்டுட்டே இல்ல? கவலைய விடு. கல்லைக் கொடுத்தாக்கூட பாஸ் பண்ண வைப்பேன்!"

கல்லாவது கொட்டாவி விடாது என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

முதல் வேலையாக மச்சினனின் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். அது உள்ளேயிருந்து ஒலிக்க, மனைவி அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். டப்பா கவிழ்ந்தது. அன்று மாலை முழுக்க இருவரும் தரையில் அரிசி பொறுக்கினார்கள். மச்சினன் சோபாவில் படுத்தபடி, "அங்க ரெண்டு மணி கிடக்கு அத்தான்" என்று உதவி செய்தான்.

அடுத்தது, கண்ணில் படுவது மனதில் தங்கும் என்ற வழி. நூலகத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு. சமையல் 641, தையல் 646, வானவியல் 520. டிப்ஸ் சார் துண்டுச் சீட்டுகளில் எண்களை எழுதி வீடெங்கும் ஒட்டினார். அடுப்படிக்கு 641, துணி அலமாரிக்கு 646, மொட்டை மாடிக் கதவுக்கு 520. டப்பாக்களில் எழுதிய பெயர் மேலேயே சீட்டு ஒட்டியதில், அன்றைய டீயில் உப்பு விழுந்தது.

"சொல்லு மாப்ளே, 133 எது?"

மச்சினன் சுற்றுமுற்றும் பார்த்தான். "முகம் பார்க்கிற கண்ணாடி."

"கண்ணாடில ஒட்டியிருக்கேன், சரி. என்ன துறை? பேய்டா, பேய்!"

கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருந்த மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

"யாரைங்க சொல்றீங்க?"

அன்றைக்குச் சாப்பாடு வெளியில்தான்.

பிறகு, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் பாடம் நிற்கும் என்று மச்சினனை எதிரே உட்கார வைத்தார். "எனக்கு நடத்து பார்ப்போம்."

"நீங்க ஒரு தடவை நடத்திக் காட்டுங்க அத்தான், அப்படியே பிடிச்சுக்கறேன்."

நடத்திக் காட்டினார். மச்சினன் சுவரைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். எழுப்பி மறுபடி நடத்தினார். புரியவில்லை என்றான். புத்தகத்தை மூடிவிட்டு வேறு மாதிரி விளக்கினார். "பாதி புரியுது" என்றான். வாரக்கணக்கில் இதே கூத்து. கடைசியில் டிப்ஸ் சார் பல் தேய்க்கும்போதுகூட இரவல் விதிகளை முணுமுணுக்க ஆரம்பித்தார். மனைவி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி நடந்துகொண்டாள்.

மிச்சம் இருந்தது மாதிரித் தேர்வு. நேரம் வைத்து, கதவைச் சாத்தி, பழைய வினாத்தாளைக் கொடுத்தார். மணி அடித்ததும் வாங்கிப் பார்த்தவருக்கு ரத்தம் கொதித்தது. மூன்று மணி நேரமும் மச்சினன் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா, மத்ததெல்லாம் என்னடா பாவம் பண்ணுச்சு?"

"முதல் கேள்வி வரலையே அத்தான். அதை விட்டுட்டு எப்படிப் போறது?"

"வரலைன்னா வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போடா! தெரிஞ்சதை எல்லாம் முடிச்சிட்டுத் திரும்பி வா. கட்டின பொண்டாட்டியா, கடைசி வரைக்கும் கூடவே இருக்க?"

"என்னங்க சொன்னீங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"பரீட்சைய சொன்னேம்மா!"

"வாயால சொன்னா ஏற மாட்டேங்குது அத்தான்," என்றான் மச்சினன் பரிதாபமாக. "ஒரு தடவை எழுதிக் காட்டுங்களேன்."

"நகருடா அப்படி!"

வேறொரு வினாத்தாளை எடுத்துக்கொண்டு டிப்ஸ் சார் உட்கார்ந்தார். முதல் கேள்வி முரண்டு பிடித்தது. பளிச்சென்று ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினார். எல்லாவற்றையும் முடித்துத் திரும்பி வந்தபோது முதல் கேள்வியும் பசு மாதிரி நின்றது. சரிபார்க்கக்கூட நேரம் இருந்தது. மச்சினன் விடைகளோடு ஒப்பிட்டுத் திருத்தி, "தொண்ணூத்தி ரெண்டு அத்தான்" என்றான்.

"பார்த்தியா? இவ்வளவுதான் விஷயம்! இதுல என்னடா பயம்?"

அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான் என்று டிப்ஸ் சார் நினைத்தார்.

தேர்வன்று எல்லாம் அவர் சொன்ன முறைப்படியே நடந்தது. முந்தின நாள் சீக்கிரம் தூக்கம், காலையில் அரை வயிறு, இரண்டு பேனா, மணி பார்க்கக் கைக்கடிகாரம். கிளம்பும்போது மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"பரீட்சை உன் தம்பிக்கு. எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"இருக்கட்டுங்க," என்றாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. தம்பி மேல் என்ன பாசம் என்று அவருக்கே நெகிழ்ந்துபோயிற்று.

தேர்வு மையத்து வாசலில் காவலாளி கை நீட்டினார். மச்சினன் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். காவலாளி படத்தைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், பிறகு பேனாவும் தண்ணீர் பாட்டிலுமாக நின்ற டிப்ஸ் சாரைப் பார்த்தார்.

"சார், நீங்க உள்ள போங்க. கூட வந்தவர் வெளிய நிக்கட்டும்."

"நானா? ஐயோ, எழுதப் போறது இவன்தாங்க! மாப்ளே, நீயே சொல்லுடா!"

மச்சினன் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து, குடிக்கச் சொல்லி நீட்டினான்.

"நான் போன வருஷமே பாஸ் பண்ணிட்டேன் அத்தான். அக்காதான் உங்க பேர்ல விண்ணப்பம் போட்டிருக்கா. முதல் கேள்வி வரலைன்னா வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."