சிவப்பு விளக்கும் இன்னொருதடவையாரும்

இன்னொருதடவையார் என்று ஓர் இனம் உண்டு. கதவைப் பூட்டுவார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், தெருமுனை வரை போய்விட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார்கள். பஸ் போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த இன்னொருதடவையார் ஒரு ஜாஸ் குழுவில் ஆர்கன் வாசிக்கிறார். குழு என்றால் மூன்றே பேர். கிடார் அவர் மனைவியின் தம்பி. டிரம்ஸ் ஒரு பல் டாக்டர். அடிச்சுருதிக்கு பேஸ் கிடார் வைத்துக்கொள்ளலாமே என்றால் மாட்டார், அதையும் தன் இடது கையாலும் காலாலும் தானே வாசிப்பார். பிறத்தியார் வாசித்தால் தப்பு வந்துவிடுமாம். பதினோரு வருஷம் சேர்ந்து வாசித்தும் ஓர் ஆல்பம் இல்லை. தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போதுதான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். இப்போது விட்டால் அவ்வளவுதான்.

வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். மனிதர் செருப்பைக் கழற்றினார், ஆர்கனின் கால்கட்டைகளைத் துடைத்தார், ஸ்டூலை ஒரு நூல் முன்னால் நகர்த்தி ஒரு நூல் பின்னால் நகர்த்தி, ஆர்கன் சூடேற வேண்டும் என்று இருபது நிமிஷம் எல்லோரையும் காக்க வைத்தார். ஒலிப்பதிவு செய்யும் அம்மாள், பதிவு ஆரம்பம் என்று சிவப்பு விளக்கைப் போட்டதும் அவர் தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டன. வாசித்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவர் சொன்னார்:

“நல்லாதான் இருக்கு. எதுக்கும் இன்னொரு தடவை போயிடலாமே.”

முதல் நாள் முழுக்க ஒரே பாட்டு. நாற்பத்திரண்டு தடவை. இந்த நேரத்தில் ஓர் ஊருக்கே கடைவாய்ப் பல் பிடுங்கியிருப்பேன் என்று டாக்டர் முணுமுணுத்தார். ஆனால் விளக்கு அணைந்தால் ஆளே வேறு. சும்மா விரலுக்குப் பயிற்சி என்று கண்ணை மூடி ஆரம்பிப்பார், மற்ற இருவரும் பின்னாலேயே ஒட்டிக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டிருந்த நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதை யார் பதிவு செய்வது?

மறுநாள் காலை அந்த அம்மாள் சிவப்பு விளக்கின் பல்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பல்பு போயிடுச்சு சார். வேற வர்ற வரைக்கும் சும்மா வாசிச்சிட்டிருங்க.”

மத்தியானத்துக்குள் ஆல்பத்தின் எட்டுப் பாட்டும் அவருக்குத் தெரியாமலே பதிவாகிவிட்டன. விஷயம் தெரிந்ததும் மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், சாயங்காலம்தான் திரும்பினார். அப்புறம் உட்கார்ந்து முழுதும் கேட்டார். மறுபடி கேட்டார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

விமான நிலைய வாசலில் தம்பியிடம் எதையோ சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார். பதினோரு வருஷத்து விஷயம். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“அஞ்சாவது பாட்டுல என் கால் கொஞ்சம் பின்தங்கிடுச்சு, இல்ல?”

“ஆமா மாமா. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுது” என்று சொல்லிவிட்டுத் தம்பி உள்ளே போய்விட்டார். இவர் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் ஒருவருக்கு எழுதி, அடித்து, இன்னும் நன்றாக எழுதலாம் என்று மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே ஒரு கடிதம், அவர் இன்னும் அந்த விலாசத்தில்தான் இருக்கிறாரா?