நான் சாட்சி மட்டும்தாங்க!

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஹட்டன் டவுனுக்குப் போய், டெய்லர்கிட்ட குடுத்த ப்ளவுஸை வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

நான் யூனிவர்சிட்டியில சட்டம் சொல்லிக் குடுக்கிறவ. லீவுக்கு லிந்துலை தேயிலைத் தோட்டத்துல இருக்கிற அம்மா அப்பா வீட்டுக்கு வந்திருக்கேன். சும்மா இருக்க முடியாம போன வாரம் ஒரு வீடியோ போட்டேன். "பதினெட்டு வயசு தாண்டிட்டா கல்யாணம் அவங்கவங்க சொந்த முடிவு. அரசாங்கமும் சரி, அப்பா அம்மாவும் சரி, மூக்கை நுழைக்கக் கூடாது!"

ஒரே பாராட்டு! அந்தத் திமிர்லதான் ஹட்டன்ல பஸ்ஸை விட்டு இறங்குனேன்.

"மேடம்! வீடியோ மேடம்!"

கையில ரெண்டு மாலையோட ஒரு பொண்ணு ஓடி வருது. பேரு தர்ஷினியாம். பின்னாலயே அவ கட்டிக்கப் போற சுரேஷ். அவனுக்குப் பின்னால, ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவன் கூட்டாளி.

"இன்னைக்கு எங்களுக்கு ரெஜிஸ்டர் கல்யாணம் மேடம். ரெண்டு வீட்டுலயும் ஒத்துக்கல. இன்னொரு சாட்சி பயந்துபோய் ஃபோனை ஆஃப் பண்ணிட்டான். ரெஜிஸ்ட்ரார் கெளம்பப் போறாரு. நீங்க சாட்சியா வாங்க மேடம்!"

பொண்ணு கண்ணு கலங்கி நிக்குது.

யாரும் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொன்னவ நான். மூக்கோட சேர்த்து முழுசாவே நுழைஞ்சேன்!

சும்மாவும் கையெழுத்துப் போடல. "தனி மனுச விருப்பத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல..."ன்னு ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்லயே ஆரம்பிச்சேன்.

ரெஜிஸ்ட்ரார் கடிகாரத்தைப் பார்த்தாரு. "மிஸ், கையெழுத்து முதல்ல"ன்னு சிங்களத்துல சொன்னாரு.

போட்டேன். மாலை மாத்துனாங்க. தர்ஷினி அழுதுகிட்டே தன் மாலையைக் கழட்டி என் கழுத்துல போட்டுச்சு. "இது உங்களுக்குத்தான் மேடம்!"ன்னு என் கால்ல விழக் குனிஞ்சுச்சு.

கூட்டாளி அந்த நேரம் பார்த்து க்ளிக்! இடுப்புக்கு மேல மட்டும்! பொண்ணு படத்துலயே இல்ல. மாலையோட நான், மாலையோட சுரேஷ்.

"எதிர்ப்பைத் தாண்டி வென்ற காதல்!"னு ஃபேஸ்புக்ல போட்டு, என் பேரையும் டேக் பண்ணிட்டான் புண்ணியவான்.

டெய்லர் கடை வாசல்ல நிக்கிறப்ப அம்மா ஃபோன்.

"மாப்பிள்ளை யாருடி?"

"என்ன மாப்பிள்ளை?"

"உன் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன்!"

"ஐயோ, நான் சாட்சிம்மா!"

"எந்தக் கல்யாணத்துலடி சாட்சிக்கு மாலை போடுறாங்க?"

கழுத்துல இருந்த மாலையை அவசரமா கழட்டிப் பைக்குள்ள திணிச்சேன்.

"அப்பா அம்மா மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு நீ சொன்னப்பவே நெனச்சேன், எதுக்கோ அடி போடுறேன்னு!"

"அப்பா எங்கம்மா?"

"அழுதாரு. அப்புறம் ஃபோட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தாரு. பையன் நல்லாத்தான் இருக்கான்னு கேக் வாங்கப் போயிட்டாரு."

அடிச்சுப் புடிச்சு வீட்டுக்கு வந்தா, எங்க வரிசை வீட்டு லயமே வாசல்ல நிக்குது! பக்கத்து வீட்டு அத்தை கையில ஆரத்தித் தட்டு.

"மாப்பிள்ளை எங்கடி? பஸ்லயே விட்டுட்டியா?"

ஒவ்வொருத்தருக்கா விளக்கி விளக்கித் தொண்டை கட்டிப் போச்சு. கேக்கோட நின்ன அப்பா மெதுவா கேட்டாரு:

"அப்போ அந்தப் பையன் நமக்கு இல்லையா?"

சட்டம் படிச்சவ இல்லையா? முறைப்படி ஒரு மறுப்பு வீடியோ போட்டேன். "அது என் கல்யாணம் இல்ல. நான் வெறும் சாட்சி மட்டும்தான்."

முதல் கமெண்ட் வந்துச்சு: "வீட்டுக்குப் பயந்து பின்வாங்காதீங்க மேடம், நாங்க இருக்கோம்!"