ஏழு கை, ஐந்து தலை

நெட்டையனுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. மூட்டை தூக்கித் தூக்கி, சட்டையைக் கழற்றக்கூடக் கை எழவில்லை. மூடிக் கிடக்கும் தியேட்டரைப் பெருக்கிவிட்டு வந்த மனைவி, தைலத்தை அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவாடி! தோலோட வந்துடப் போகுது."

"சங்கத்துல ஒரு டிராலி வாங்கினா என்ன கேடு? வச்சுத் தள்ளிட்டுப் போகலாம்ல?"

"சங்கத்துல இருக்கிறதே ஏழு பேர். ஏழு பேரும் ஒரே கூட்டத்துல கை தூக்கினாத்தான் பணத்தை எடுக்கலாம். இப்ப நோய் வந்ததுல புது உத்தரவு, அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாதாம்."

"ஏழு கை தூக்கணும், அவ்வளவுதானே?" என்று அவள் பாட்டிலை மூடினாள்.

மறுநாள் கூட்டம். சங்கப் பணத்தைத் தொட்டால் பல்லைப் பிடுங்கியதுபோல் அலறும் தலைவர், உத்தரவைச் சுவரில் ஒட்டிவிட்டு ஆனந்தமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே ஐந்து பேர். மீதி இரண்டு பேர் தெருவில் நின்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்கள்.

"தெருவுல ரெண்டு பேர் ஒட்டி நின்னாலும் குத்தம்ப்பா," என்றார் தலைவர்.

ஒருவன் பின்பக்க ஜன்னலுக்கு ஓடினான். அங்கே கம்பிக்குள் முழங்கை மாட்டிக்கொண்டது. எண்ணெய் தடவி இழுத்து, அவனை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். வேடிக்கை பார்க்க மற்றவனும் நுழைந்தபோது அறைக்குள் ஏழு பேர்.

வாசலில் விசில் சத்தம். காக்கி உடை, கண்வரை முகக்கவசம், கையில் தடி.

"எவனும் அசையக் கூடாது! எல்லாரும் கையைத் தூக்கு!"

தூக்கினார்கள். நெட்டையன்கூட "ஐயோ அம்மா" என்று தூக்கிவிட்டான். தலைவர் இரண்டு கையையும் தூக்கினார்.

காக்கி நிதானமாக ஏழுவரை எண்ணியது. "சரி, கலைஞ்சு போங்க," என்று போய்விட்டது.

செயலாளர் அதற்குள் எழுதி முடித்திருந்தார். "டிராலி வாங்க ஏகமனதாத் தீர்மானம். தலைவர் கை ஒண்ணு உபரி."

"இது செல்லாதுய்யா!"

"அப்ப ஏழு பேர் கூடினோம்னு ஸ்டேஷன்ல போய் நாமளே சொல்லிடுவோமா, தலைவரே?"

தலைவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து நெட்டையன் மூச்சு வாங்கச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"விசில் நான் சொல்லலையே, தியேட்டர் வாட்ச்மேன் தானாச் சேர்த்துக்கிட்டாரா? போகட்டும், அவருக்கு நாம ஒரு வேளைச் சாப்பாடு கடன்பட்டிருக்கோம்."