துரைசானியம்மா வைத்த டீ பார்ட்டி

மதுரை ஜில்லாவிலேயே இட்லியை முள்கரண்டியால் குத்தித் தின்ற ஒரே மனுஷி எங்கள் திருநகர் தெருவில்தான் இருந்தார். தெருவே சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் துரைசானியம்மா.

பிறந்தது வில்லாபுரம். யாராவது கேட்டால், "ஏர்போர்ட் சைடு" என்பார். காளவாசலிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வருவார்; ஸ்டாப்பில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து, நூறடி தள்ளியிருக்கும் தன் வீட்டு வாசலில் ராணி மாதிரி இறங்குவார். அயிரை மீன் வாங்குவது கொல்லைப்பக்கமாக. குழம்பு வாசம் தெருவையே தூக்கும். என் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்து, "மிசஸ் முருகேசன், உங்க வீட்ல இன்னைக்கு மீனா?" என்று என்னையே கேட்பார். எனக்கு அன்று கிருத்திகை விரதம்!

அவருடைய வீட்டுக்காரர் தவறி அப்போது நாலு வருஷம். ஒரே மகன் கனடாவில். அந்தப் பெரிய வீட்டில் டி.வி. மட்டும் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் கோலம் போட வந்தால், கேட்டில் துரைசானியம்மாவின் கார்டு ஒன்று சொருகியிருந்தது. தங்க எழுத்து. 'ஞாயிறு மாலை நான்கு மணி. தேநீர் விருந்து. அன்புடன் அழைக்கிறேன்.' பன்னிரண்டு வீட்டுக் கேட்டிலும் அப்படியே.

எதிர்வீட்டுப் பேச்சியக்காவுக்கு வந்ததே கோபம். "சொருகிட்டுப் போறதுக்கு இது என்ன கரண்டு பில்லா? தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, குங்குமம் குடுத்து, 'அவசியம் வந்துரணும்'னு வாய் நிறையக் கூப்பிட வேணாம்? அம்புட்டுக் கவுரவமா செல்வி அவளுக்கு?"

"நம்மள ஆளாவே மதிக்கலைக்கா" என்று நானும் எண்ணெய் ஊற்றினேன். யாரும் போவதில்லை என்று முடிவாகிவிட்டது.

ஞாயிறு, திருப்பரங்குன்றத்தில் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஐந்தரைக்குத் திரும்பினேன். அவர் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பட்டுச்சேலை கட்டி அவர் நின்றுகொண்டிருந்தார், தனியாக. சாமி கும்பிட்ட கையோடு, பார்க்காத மாதிரி கடந்து போக எனக்குக் கால் வரவில்லை.

"வாங்க மிசஸ் முருகேசன். ரொம்ப லேட். எல்லாரும் இப்பத்தான் கிளம்புனாங்க."

மேஜையில் பன்னிரண்டு கப் கழுவிக் கவிழ்த்தபடி. நடுவில் வெட்டாத கேக். அதன்மேல் 'அறுபது' என்று எழுதியிருந்தது.

"ஆமாக்கா, வழியில பாத்தேன். உங்க டீயப் பத்தித்தான் பேச்சு" என்றேன். நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டே பொய். முருகா, நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேக்கை வெட்டி எனக்கு ஊட்டினார். "அடுத்த தடவ கார்டை ஒரு வாரம் முன்னாடியே குடுத்துரணும்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"கார்டெல்லாம் எதுக்குக்கா? எங்க வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுங்க, வாரேன்."

"ரோட்ல நின்னு கத்துறதா? ஐயோ, அசிங்கம்!"

மறுநாள் நாலு மணி. வாசலில் கணீரென்று ஒரு குரல்: "ஏ செல்வீ! டீ ஆறுதுடி, எம்புட்டு நேரம்?" தெருவே எட்டிப் பார்த்தது. சுத்தமான வில்லாபுரத்துக் குரல்.

மூன்று வருஷம் அந்தக் குரல் ஒருநாளும் தவறவில்லை. போன தையில் மகன் வந்து கனடாவுக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே வாசலெல்லாம் பனியாம், ஆள் நடமாட்டமே இருக்காதாம். அக்கா யாரைக் கூப்பிடுவார்? நாலு மணியானால் நான் இங்கே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.