எண்ணைக் கண்டால் வகுப்பவர்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை, காலனிக்கு ஒருவர் வீதம் கிடைக்கும் அபூர்வ இனம் ஒன்று உண்டு, வாசகரே. எண்ணைக் கண்டால் வகுப்பவர். நாய் கடித்தால் ஊசி இருக்கிறது. இதற்கு இல்லை.

எப்படி அடையாளம் காண்பது? ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் பத்து ஹாரன் அலறி, ஆட்டோக்காரர், "யோவ் பெர்சு, இன்னா தூங்கிகினு கீறியா?" என்று அன்போடு விசாரித்த பிறகும், எப்போதோ போய்விட்ட லாரியின் நம்பரை உதடு அசைய வகுத்தபடி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் டோக்கன் தொண்ணூற்றொன்று என்றால், காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரைத் தட்டி எழுப்பி, "பகா எண் மாதிரி வேஷம் போடறது சார், நம்பிடாதேங்கோ. ஏழு பதிமூணு!" என்பார். எதிர்வீட்டு அப்துல் கஃபார் புதுக் கார் வாங்கி ஸ்வீட் கொடுக்க வந்தால், "8191! பகா எண், பாய். எதாலயும் உடைக்க முடியாது" என்பார்.

"கண்ணாடியையும் யாரும் உடைக்காம இருந்தா சரி சார்" என்பார் கஃபார்.

எங்கள் மேல்மாடியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று உண்டு. பெயர் யக்ஞநாராயணன். போன மாதம் அவர் மனைவி ரமா மாமிக்குத் திருநெல்வேலியில் தங்கை மகளின் வளைகாப்பு. ரயிலில் தட்கல் ஒன்றே வழி. காலை பத்து மணி. லேப்டாப் முன்னால் மாமி. ஓ.டி.பி. வரும் போன் மட்டும் அவர் கையில். காபிப் பொடி கேட்கப் போன நான் சாட்சி.

போன் சிணுங்கியது.

"வந்துதா? சொல்லுங்கோ!"

"ரமா... இது சாதாரண எண் இல்லடி."

"ஏன்னா, நம்பரைச் சொல்லுங்கோ!"

"ரெண்டால போறது, மூணால போறது, நாலு, அஞ்சு... இரு, ஏழாலயும் போறது!"

"டிக்கெட்டும் போறதுன்னா!"

"ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் ஒண்ணு விடாம வகுபடறதுடி! என் ஆயுசுல இப்படி ஒண்ணு வந்ததில்லை!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சங்கல்பம் சொல்லும் பக்தியோடு 720720 என்று படித்தார். மாமி தட்டினாள். நேரம் முடிந்திருந்தது. அடுத்த ஓ.டி.பி. வந்து சேர்ந்தபோது வெயிட்டிங் லிஸ்ட் நூற்றிருபத்தேழு.

மாமி மெல்லத் திரும்பினாள். நான் காபிப் பொடியை மறந்து வாசலுக்கு நகர்ந்தேன். அவரோ திரையை எட்டிப் பார்த்து, "ஆகா! பகா எண்!" என்றார்.

கிளாம்பாக்கத்தில் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, விழுப்புரம் வரை நின்று, மதுரையில் மாறி, மாமி போய்ச் சேர்ந்தபோது வளையல் அடுக்கி முடிந்து, கலந்த சாதங்களில் தயிர்சாதம் மட்டும் மிச்சமிருந்ததாம். இப்போது போன் மாமியின் இடுப்பில்.

உங்களுக்கு இந்த வியாதி இல்லை என்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் பதினேழைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே? அந்த 720720-ஐ நீங்களாகத்தானே வகுத்துப் பார்த்தீர்கள்? மீதி ஐந்து, சரிதான். போனை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.