லாடம் அடித்த கைக்கு வெள்ளைக் கையுறை

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

யெரேனாவிலிருந்து மகன் மெல்ச்சோர் பணிந்து எழுதுவது. தங்கை வீட்டில் நலமாக இருப்பீர்கள். எனக்கு உடம்பு நலம், மனம்தான் இல்லை.

ஆசை யாரை விட்டது! சந்தியாகப்பர் மாவீரர் சபையில் சேர்ந்து, அதன் சிவப்பு வாள்சிலுவையை நம் வாசல் கல்கேடயத்தில் பொறிக்க வேண்டும் என்று அலைந்தேன். அப்பனும் தாத்தனும் கையால் உழைத்துப் பிழைக்காதவனுக்குத்தான் அந்தச் சிலுவையாம். அதனால்தான், நம் குலத்தை விசாரிக்கச் சபை அதிகாரி விருந்துக்கு வருகிறார் என்றதும், நாற்பது வருஷம் லாடம் அடித்த உங்கள் கைகளுக்கு வெள்ளைக் கையுறை வாங்கினேன். விரல் நுழையவில்லை. என் மனைவி லெயோகாதியா தையலைப் பிரித்து மாட்டிவிட்டாள். "மாமா, கையை மடியிலேயே வச்சுக்குங்க. எதையும் தொடாதீங்க" என்றாள். "சூப்பை நக்கியா குடிக்கணும்?" என்றீர்கள். அந்த அதிகாரியின் கோவேறு கழுதை நொண்டிக்கொண்டா வர வேண்டும்! அவர் இறங்குவதற்குள் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கழுதையின் பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். "எந்த மடையன்யா இந்த ஆணிய அடிச்சான்?"

"யார் இவர்?" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டு வேலைக்காரன், ஐயா."

நான்தான் சொன்னேன். இந்த வாய்தான். நீங்கள் நிமிரக்கூட இல்லை. "ஆமாங்கய்யா, இவன் பொறந்ததுலேர்ந்து இவனுக்குத்தான் வேலை பாக்குறேன்" என்றீர்கள். ஆணியைப் பிடுங்கினீர்கள், கையைத் துடைத்தீர்கள், அப்படியே தெருவில் இறங்கிப் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அப்பா. அந்தச் சிலுவையை மார்பில் குத்தியவன் எவனும் போருக்கு நடந்து போகவில்லை. அத்தனை குதிரைக்கும் லாடம் அடித்தது உங்களைப் போன்ற கைதான். அந்தக் கை தீட்டாம்! சிலுவையில் தொங்கியவரே தச்சன் வீட்டுப் பிள்ளை. அவர் மனுப் போட்டிருந்தாலும் தள்ளியிருப்பார்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே சிலுவையைச் செதுக்கிச் சாக்குப் போட்டு மூடிவைத்திருக்கும் கேடயத்தை இன்றைக்கே கொத்தி எறிந்துவிட்டு, அங்கே உங்கள் லாடத்தைப் பொறிக்கச் சொல்கிறேன். மன்னித்து வாருங்கள். முன்வாசலில் ஊர் பார்க்க உங்கள் கையை முத்தமிடுவேன்.

மாதா உங்களைக் காக்கட்டும். தங்கைக்கு என் அன்பு.

உங்கள் பாவி மகன்,
மெல்ச்சோர்

பின்குறிப்பு: கடிதத்துக்கு அரக்கு வைக்கும்போது சபையிலிருந்து ஓலை வந்தது. சிலுவை கிடைத்துவிட்டது! வேலைக்காரனுக்கே கையுறை போட்டு வைத்திருக்கும் குடும்பம் என்று அதிகாரி வியந்து எழுதியிருக்கிறார். கேடயத்தைக் கொத்த வந்தவன் சிலுவைக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறான். விழாவுக்கு நான் குதிரையில் போக வேண்டும், லாடம் தேய்ந்து கிடக்கிறது. உடனே வாருங்கள் அப்பா. பின்வாசல் திறந்திருக்கும். கையுறையை மறக்காதீர்கள்.